அறுபத்து நான்கு சாயங்கள்

அமெரிக்க சூப்பர்ஹீரோ காமிக்ஸில் தனியாகப் பேச வேண்டிய ஒரு வகை இருக்கிறது. எழுதி வரையப்பட்டது அண்மைக் காலத்தில். ஆனால் 1950களின் பிற்பகுதியிலும் 1960களிலும் பத்து சென்ட்டுக்கும் பன்னிரண்டு சென்ட்டுக்கும் விற்ற இதழ்களின் கோட்டையும் வண்ணத்தையும் வாய்ப்பேச்சையும் துள்ளலையும் உரிமையோடு கேட்டு வாங்கிக்கொண்டு பிறந்தது. மைக் ஆல்ரெட்டின் ‘மேட்மேன்’, ஆலன் மூரும் கூட்டாளிகளும் செய்த ‘1963’, மூரின் ‘சுப்ரீம்’, ‘டாம் ஸ்ட்ராங்’, டார்வின் குக்கின் ‘தி நியூ ஃபிரான்டியர்’ ஆகியவை இந்த வகையின் பெரிய பெயர்கள். இவற்றை விரும்பிப் படித்தவர்களில் பெரும்பகுதியினர் அந்தப் பழைய இதழ்கள் கடைக்கு வந்த நாளில் பிறந்தே இராதவர்கள். எனவே பழைய நினைவு என்று சொல்லி இந்த ஈர்ப்பை முடித்துவிட முடியாது. நினைவே இல்லாதவரையும் அது இழுக்கிறது. காரணத்தைத் தேட வேண்டிய இடம், அந்தப் பழைய பக்கம் எப்படி உருவானது என்பதில்தான்.

ஓவியர் கறுப்பு மையில் வரைந்து முடித்த பக்கத்தின் சிறிய நகலை எடுத்து, வண்ணக் கலைஞர் நீர்ச்சாயத்தால் தீட்டுவார். தீட்டிய ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு குறியீடு எழுதுவார். மஞ்சள், சிவப்பு, நீலம் என்று மூன்று மை. ஒவ்வொன்றையும் கால் பங்கு போடலாம், அரைப் பங்கு போடலாம், முழுதாகப் போடலாம், போடாமலும் விடலாம். நான்கு நிலை, மூன்று மை: நான்கை மூன்று முறை பெருக்கினால் அறுபத்து நான்கு. ஆய கலைகள் எத்தனையோ அத்தனைதான் மொத்தச் சாயமும். கனெக்டிகட் மாநிலத்தின் பிரிட்ஜ்போர்ட் நகரக் கூடத்தில் அந்தக் குறியீடுகளைப் பார்த்துப் பார்த்து, ஒவ்வொரு மைக்கும் தனித்தனித் தகட்டுக்கான பிரிப்பைக் கையாலேயே செய்தார்கள். இல்லினாய் மாநிலத்தின் ஸ்பார்ட்டா நகர அச்சகத்தில், மை உறிஞ்சும் மலிவான நியூஸ்பிரிண்ட் தாளில் அது அச்சாகி வந்தது.

கால் பங்கு மை என்பது தாளில் புள்ளியாகத்தான் விழும். வெள்ளையரின் தோல் நிறமே கால் பங்கு சிவப்பும் கால் பங்கு மஞ்சளும்தான். கதாநாயகனின் முகத்தைக் கண்ணருகே கொண்டுபோனால் கன்னமெல்லாம் வேர்க்குரு போல இளஞ்சிவப்புப் புள்ளிகள் தெரியும். கை நீட்டிப் பிடித்தால் அதுவே சதையாகிவிடும். தகடு ஒரு மயிரிழை நகர்ந்தால் உதட்டுச் சிவப்பு உதட்டைத் தாண்டி நிற்கும். இத்தனை குறைக்கும் ஈடுகொடுக்க ஓவியர் கோட்டைத் தடித்துப் போட்டார், உருவத்தை ஒரே பார்வையில் பிடிபடுமாறு எளிமையாக்கினார், நிழலை மொத்தமாகக் கறுப்பில் கொட்டினார். நாயகர்களுக்கு முழுச் சிவப்பும் முழு நீலமும் போய்விட, வில்லன்களுக்குப் பச்சையும் ஊதாவும் மிஞ்சின.

இந்தத் தட்டுப்பாடு பாத்திரங்களையே மாற்றியிருக்கிறது. 1962இல் வெளிவந்த ‘ஹல்க்’ முதல் இதழில் அந்த அரக்கனின் நிறம் சாம்பல். கதையை எழுதிய ஸ்டான் லீ விரும்பியது அதுதான். ஆனால் அச்சில் சாம்பல் ஓரிடத்தில் வெளிறியும் ஓரிடத்தில் கறுத்தும் பக்கத்துக்குப் பக்கம் வேறாக வந்தது. அடுத்த இதழில் பச்சையாக்கிவிட்டார்கள். உலகம் முழுக்கக் குழந்தைகள் பச்சைக் கிரேயானை எடுத்து வரையும் உருவம் அச்சு மையின் பலவீனத்தில் பிறந்தது.

கதைக்கும் இதே போன்ற கட்டு இருந்தது. 1954இல் அமெரிக்க காமிக்ஸ் வெளியீட்டாளர்கள் தங்களுக்குத் தாங்களே ஒரு நடத்தை விதியை விதித்துக்கொண்டார்கள். ரத்தம் கூடாது, பயங்கரம் கூடாது, குற்றவாளி மீது அனுதாபம் கூடாது. வன்முறைக் கதவு மூடியதும் எழுத்தாளர்கள் கற்பனையின் கூரையைப் பிய்த்துக்கொண்டு ஏறினார்கள். சூப்பர்மேனுக்கு மேலங்கி அணிந்த நாய் வந்தது. அவனுடைய நண்பன் ஜிம்மி ஓல்சன் ஓர் இதழில் ராட்சத ஆமை மனிதனாக மாறினான். 1957இல் பேட்மேன் ஒரு கதை முழுக்க இரவுக்கொரு நிறமாகச் சிவப்பு, பச்சை, இளஞ்சிவப்பு என்று உடுப்பு மாற்றிக்கொண்டு வந்தான். அட்டையைப் பார்த்தவர் சிரித்திருப்பார். உள்ளே படித்தால் காரணம் இருக்கிறது: சிறுவன் ராபினின் கையில் காயம், அந்தக் காயத்தைப் பார்த்து அவன் உண்மையில் யார் என்று எவரும் கண்டுபிடித்துவிடக் கூடாது, எல்லார் கண்ணும் தன் மேலேயே இருக்கட்டும் என்று பேட்மேன் வானவில்லாகத் திரிகிறான். எவ்வளவு விசித்திரமான நிகழ்ச்சியானாலும் கதைக்குள் அதற்குக் கறாரான ஒரு நியாயம் இருந்தாக வேண்டும் என்பதே அந்தக் காலத்து எழுத்தின் இலக்கணம். குழந்தைகள் விளையாட்டில் விதியை மீறினால் அழுவார்களே, அதே நேர்மைதான் இது.

பிற்காலத்தில் இந்தப் பாணியை எடுத்தவர்களில் வென்றவரையும் தோற்றவரையும் பிரிப்பது இந்த நேர்மைதான். மலிவான வழி ஒன்று உண்டு. கணினியில் தாளுக்குப் பழுப்பு நிறம் ஏற்றி, புள்ளிகளைப் பெரிதாக்கி, வண்ணத்தை வேண்டுமென்றே கோட்டைவிட்டு நகர்த்தி, நாயகன் வாயில் அசட்டு வசனம் இரண்டு வைத்தால் பழைய இதழ் போலவே இருக்கும். அப்படிப்பட்ட பக்கம் நான்காவது நிமிடத்தில் சலித்துவிடும். அது பழைய காலத்தின் அழுக்கை மட்டும் எடுத்துக்கொள்கிறது. அந்தக் காலத்தின் வேலைத்திறனை எடுத்துக்கொள்ளவில்லை. பழைய ஓவியர்கள் யாரும் புள்ளியை விரும்பிப் போடவில்லை. புள்ளியை மீறி உணர்ச்சியைக் கடத்தப் பாடுபட்டார்கள்.

புள்ளிக்கு வேறொரு வரலாறும் இருக்கிறது. பாப் ஆர்ட் ஓவியர் ராய் லிக்டன்ஸ்டைன் 1963இல் இதே போன்ற புள்ளிகளோடு வரைந்து புகழ்பெற்ற போர்விமான ஓவியம், அதற்கு முந்தைய ஆண்டு இர்வ் நோவிக் ஒரு போர் காமிக்ஸுக்கு வரைந்த கட்டத்திலிருந்து எடுக்கப்பட்டது. ஓவியம் லண்டன் டேட் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. கட்டத்தை முதலில் வரைந்தவருக்குக் கிடைத்தது பக்கத்துக்கு இவ்வளவு என்ற கூலி மட்டும். பாப் ஆர்ட் காமிக்ஸிலிருந்து எடுத்ததைத் திரும்ப காமிக்ஸுக்கே கொண்டுவந்து சேர்த்ததும் இந்த மீட்டுருவாக்கக்காரர்கள் செய்த நல்ல காரியங்களில் ஒன்று.

மீட்க வேண்டிய தேவை எப்படி வந்தது? 1986இல் ஆலன் மூர் எழுதி டேவ் கிப்பன்ஸ் வரைந்த ‘வாட்ச்மென்’ வெளிவரத் தொடங்கியது. அதே ஆண்டில் ஃபிராங்க் மில்லரின் ‘தி டார்க் நைட் ரிட்டர்ன்ஸ்’ வந்தது. இரண்டும் பெரிய படைப்புகள். அவற்றைப் பின்பற்றியவர்கள் அவற்றின் சிந்தனையை விட்டுவிட்டு இருட்டை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். 1990களின் தொடக்கத்தில் காமிக்ஸ் கடைக்குள் நுழைந்தால், பளபளத் தாளில் பல்லைக் கடித்துக்கொண்டு துப்பாக்கி ஏந்திய நாயகர்களே அலமாரி முழுக்க நின்றார்கள். சிரிக்கிற முகம் ஒன்றைத் தேட வேண்டியிருந்தது.

அந்தச் சூழலில்தான் 1993இல், அந்தப் பளபளப்புக்கே பேர்போன இமேஜ் காமிக்ஸிலிருந்து ‘1963’ வந்தது. மூர் எழுத, ஸ்டீவ் பிஸ்ஸெட்டும் ரிக் வீச்சும் மற்றவர்களும் வரைந்த ஆறு இதழ்கள். முப்பது ஆண்டுகளுக்கு முந்தைய மார்வெல் இதழ்கள்போலவே தட்டையான வண்ணம், ‘மிஸ்டரி இன்கார்ப்பரேட்டட்’, ‘ஹோரஸ்’ என்று அன்றைய நாயகர்களின் சாயலில் நாயகர்கள், அந்தக் கால விளம்பரங்களைப்போலவே இட்டுக்கட்டிய விளம்பரங்கள், இட்டுக்கட்டிய வாசகர் கடிதங்கள். ஸ்டான் லீக்கு மோனை என்றால் உயிர். பீட்டர் பார்க்கர், ரீட் ரிச்சர்ட்ஸ், புரூஸ் பேனர் என்று பெயரிலேயே மோனை வைத்தவர், தன்னோடு வேலை செய்தவர்களுக்கும் மோனையோடு பட்டம் கொடுத்தார். மூரும் தனக்கு அப்படியொரு பட்டம் சூட்டிக்கொண்டு, ஆசிரியர் பக்கத்தில் தற்பெருமை அடித்துத் தள்ளினார். படித்துச் சிரிக்கலாம். ஆனால் அந்தச் சிரிப்புக்கு அடியில் ஒரு நியாயமான கோபம் ஓடுகிறது: கதையைப் பாதி உருவாக்கிய ஜாக் கிர்பி, ஸ்டீவ் டிட்கோ போன்ற ஓவியர்களின் பெயர் பின்னால் போய், பேசத் தெரிந்தவரின் பெயர் முன்னால் நின்றது பற்றிய கோபம். கடைசியில் இந்த நாயகர்கள் 1990களின் துப்பாக்கி நாயகர்களைச் சந்திக்கும் சிறப்பு மலர் ஒன்று வருவதாக இருந்தது. அது வரவே இல்லை. ஆறு இதழும் வாசல் திறந்தபடி நிற்கின்றன.

மூர் 1996இல் ‘சுப்ரீம்’ தொடரை 41ஆம் இதழிலிருந்து ஏற்றபோது இன்னும் ஆழமாகப் போனார். ராப் லீஃபெல்ட் உருவாக்கிய அந்த நாயகன் அதுவரை சூப்பர்மேனின் முரட்டு நகல். மூரின் முதல் இதழிலேயே அவன் ஒரு விசித்திரமான நகருக்குப் போகிறான். வெளியீட்டாளர்கள் ஒவ்வொரு முறை பாத்திரத்தைத் திருத்தி எழுதும்போதும் கைவிடப்பட்ட பழைய வடிவங்கள் எல்லாம் அங்கே வாழ்கின்றன. அவற்றுள் மேலங்கி கட்டிய எலியும் உண்டு. யாரும் அழியவில்லை, அச்சிலிருந்து விலக்கப்பட்டவர்களுக்கு ஓர் ஊர் இருக்கிறது. நாயகன் தன் இளமையை நினைக்கும் பகுதிகளை, அந்தந்தப் பத்தாண்டின் ஓவிய பாணியிலேயே ரிக் வீச் வரைந்தார். 1940களின் நினைவு 1940களின் கோட்டில், 1960களின் நினைவு 1960களின் கோட்டில். ஒரு பாத்திரத்தின் வயதை ஓவிய பாணியாலேயே எழுதிக்காட்டிய அந்த யோசனைக்கு நிகராக இந்த வகையில் வேறொன்றைச் சொல்வது கடினம்.

1999இல் தொடங்கிய ‘டாம் ஸ்ட்ராங்’ இன்னும் வெளிச்சமானது. எழுதியவர் மூர், வரைந்தவர் கிறிஸ் ஸ்ப்ரௌஸ். நாயகனோடு பேசும் கொரில்லா ஒன்றும் நீராவி இயந்திர மனிதன் ஒருவனும் உண்டு. முதல் இதழில் ஒரு சிறுவனுக்கு டாம் ஸ்ட்ராங் ரசிகர் மன்றத்தின் பொட்டலம் தபாலில் வருகிறது. அதில் இருக்கும் காமிக்ஸை அவன் நகரின் கம்பிவடப் பெட்டியில் போகும்போது பிரித்துப் படிக்கிறான். அதே நேரத்தில் பெட்டிக்கு வெளியே உண்மையான டாம் ஸ்ட்ராங் கொள்ளையரோடு மோதிக்கொண்டிருக்கிறார். பையன் புத்தகத்தில் மூழ்கியிருக்கிறான். காமிக்ஸ் படிக்கும் குழந்தையின் தலை எந்தக் கோணத்தில் குனிந்திருக்கும் என்று தெரிந்தவர்களால் மட்டும் எழுத முடிந்த கதை.

டார்வின் குக் அசைபடத் துறையிலிருந்து வந்தவர். 2004இல் வெளிவந்த ‘தி நியூ ஃபிரான்டியர்’ ஆறு இதழ்களில், டிசி நிறுவனத்தின் நாயகர்களை அவர்கள் பிறந்த காலத்திலேயே, போர் முடிந்த 1945 முதல் கென்னடி எழுந்த 1960 வரை, நடமாடவிட்டார். பெரும்பாலான பக்கங்களில் அகலமான மூன்றே கட்டங்கள். திரையரங்கின் திரை போல. இது மற்றவற்றைவிடக் கனமான கதை. நிறவெறியும் பனிப்போரும் இதில் உண்டு. ஆனாலும் நாயகன் புன்னகைக்கும்போது அவர் வரைந்த தாடையின் ஒரே வளைவு அந்தக் காலத்தின் நம்பிக்கை முழுவதையும் தாங்கிக்கொள்கிறது. அடுத்த ஆண்டு இதற்குக் காமிக்ஸுக்கான ஐஸ்னர் விருது கிடைத்தது. குக் 2016இல் மறைந்தது இந்த மரபுக்குப் பெரிய இழப்பு.

இந்த மரபோடு தமிழ் வாசகருக்கு நேரான ஓர் உறவு இருக்கிறது. 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் ‘இரும்புக்கை மாயாவி’யோடு தொடங்கியது. அவன் 1962இல் பிரிட்டனின் ‘வேலியண்ட்’ வார இதழில் தோன்றியவன். மின்சாரம் பாய்ந்தால் கை மட்டும் தெரியும், ஆள் மறைந்துவிடுவான். லயன் காமிக்ஸ் பின்னாளில் தமிழுக்குக் கொண்டுவந்த ஸ்பைடரும் பிரிட்டனில் பிறந்தவன்தான். டெட் கோவன் தொடங்கி வைத்த அவனுடைய கதைகளைப் பிறகு எழுதியவர் ஜெர்ரி சீகல். 1938இல் சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவர். ஹெலிகார் ஏறிப் பறந்த அந்தக் கூர்ங்காது மனிதனைத் தமிழில் படித்த சிறுவர்கள், சூப்பர்மேனை எழுதிய கையைத்தான் படித்தார்கள். 2005இல் மூரின் கதைத்திட்டத்தில் அவருடைய மகள் லியா மூரும் ஜான் ரெப்பியனும் எழுதிய ‘அல்பியன்’, மாயாவியையும் ஸ்பைடரையும் இயந்திர மனிதன் ஆர்ச்சியையும் மறுபடி அரங்கேற்றியது. இங்கிலாந்திலேயே இளையோர் பலர் மறந்துவிட்ட அந்த முகங்களைச் சிவகாசிப் பதிப்புகளோடு வளர்ந்தவர் பார்த்தவுடனே கண்டுகொள்வார்.

எல்லாவற்றிலும் விளையாட்டு முழுமையாக வாய்த்தது ‘மேட்மேன்’ தொடரில்தான். அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் 1962இல் பிறந்த மைக் ஆல்ரெட், தொலைக்காட்சிச் செய்தியாளராக இருந்தபின் காமிக்ஸுக்கு வந்தவர். 1992இல் டன்ட்ரா வெளியீடாக மேட்மேனின் முதல் தொடர் வந்தது. 1994 முதல் 2000 வரை டார்க் ஹார்ஸ் வெளியீடாக இருபது இதழ்கள் வந்தன. வண்ணம் அவருடைய மனைவி லாரா ஆல்ரெட். இவர்கள் எந்தப் பழைய நாயகனையும் நகல் எடுக்கவில்லை. பழைய காலத்தின் மனநிலையை எடுத்துக்கொண்டு தங்களுக்கென்று ஒருவனை உண்டாக்கினார்கள்.

அவன் பெயர் ஃபிராங்க் ஐன்ஸ்டைன். விபத்தில் செத்துப்போன ஒருவனை விஞ்ஞானிகள் இருவர் உயிர்ப்பிக்கிறார்கள். முன்வாழ்க்கை எதுவும் அவனுக்கு நினைவில்லை. அவனை எழுப்பியவர் தனக்குப் பிடித்த இருவரின் பெயரை, பாடகர் ஃபிராங்க் சினாட்ராவிடமும் ஆல்பர்ட் ஐன்ஸ்டைனிடமும் எடுத்து, சேர்த்து வைக்கிறார். சேர்த்துச் சொன்னால் இன்னொரு பழைய பெயர் காதில் விழும். அதுவும் தைத்து எழுப்பப்பட்ட ஒரு பிணத்தின் கதைதான். தையல் தழும்பு ஓடிய தன் முகத்தைப் பார்க்க அஞ்சி, அவன் ஒரு காமிக்ஸ் நாயகனின் வெள்ளை உடுப்பை மாட்டிக்கொள்கிறான். நெஞ்சில் மின்னல் கீற்று, தலைமூடியின் உச்சியிலிருந்து பீறிட்டு நிற்கும் முடிக்கற்றை, கையில் ஆயுதமாக யோ-யோ. அவனுக்கு அன்பான ஒரு காதலி, ஜோ. ஸ்னாப் சிட்டி என்ற அவன் ஊரில் வேற்றுக்கிரகவாசியும் தெருக்கவிகளும் அவனைப்போலவே செய்த இயந்திர மனிதனும் சர்வசாதாரணமாக நடமாடுவார்கள். முதல் இதழ்களில் கொஞ்சம் குரூரம் உண்டு. போகப் போக ஆல்ரெட் அதைக் கழித்துவிட்டு வெளிச்சத்தைக் கூட்டினார். சரியான முடிவு.

ஆல்ரெட்டின் தூரிகைக் கோடு வழவழவென்று ஓடும். முகத்தில் தேவையற்ற கீறல் ஒன்றுகூட விழாது. கட்டத்தில் நிறைய வெள்ளை இடம் விடுவார். அந்த வெள்ளைக்குள் லாரா ஆரஞ்சையும் வானநீலத்தையும் தட்டையாக நிரப்பும்போது, கணினியில் கோடிக்கணக்கான நிறங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் பழைய அறுபத்து நான்கின் அடக்கம் கண்ணுக்குத் தெரிகிறது. மேட்மேன் குதித்தால் முழங்காலும் முழங்கையும் நான்கு திசைக்கும் போகும். அந்த உடம்பில் பயமும் உற்சாகமும் ஒன்றாக இருக்கும். இப்படிப்பட்ட பக்கத்தில் அவன் கேட்கும் கேள்விகள் லேசானவை அல்ல. நினைவு போன பின் மிஞ்சியவன் யார்? செத்து எழுந்தவனுக்கு ஆத்மா எது? கடவுள் இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாரா? இருட்டான பக்கத்தில் இந்தக் கேள்விகளைப் போட்டிருந்தால் பிரசங்கமாகப் போயிருக்கும். யோ-யோ சுற்றிக்கொண்டே ஒருவன் கேட்கும்போது அவை வாசகரின் நெஞ்சுக்குள் சுலபமாக இறங்கிவிடுகின்றன.

2007இல் இமேஜ் காமிக்ஸில் மறுபடி தொடங்கிய தொடரின் மூன்றாவது இதழில் ஆல்ரெட் தன் விளையாட்டின் உச்சத்துக்குப் போனார். மேட்மேன் தன் மனத்துக்குள்ளேயே தன்னைத் தேடி அலைகிறான். ஒவ்வொரு கட்டத்திலும் அவன் வேறொரு காமிக்ஸ் ஓவியரின் பாணியில் வரையப்படுகிறான். நாளிதழ்த் துணுக்குக் காலத்தின் மேதைகள் முதல் சமகாலத்தவர் வரை ஒவ்வொருவரின் கோடும் அவன் மேல் வந்து போகிறது. அடையாளம் தெரியாத வாசகருக்கு அது ஒரு கனவு. தெரிந்தவருக்கு நூற்றாண்டு வரலாறு. தன்னை அறியாத நாயகன், தன்னை உண்டாக்கிய கலையின் முழு முகவரியையும் ஒரே இதழில் நடந்து முடிக்கிறான். ஒன்பதாவது இதழைத் தொடர்ந்து ஓடும் ஒரே நீளச் சித்திரமாக வரைந்தார்.

அந்த விளையாட்டு மார்வெலின் ‘சில்வர் சர்ஃபர்’ வரை போனது. டேன் ஸ்லாட் எழுத, ஆல்ரெட் தம்பதியர் வரைந்து வண்ணமிட்ட அந்தத் தொடரின் 11ஆம் இதழ் 2015இல் வந்து, அடுத்த ஆண்டு சிறந்த தனி இதழுக்கான ஐஸ்னர் விருதைப் பெற்றது. அதில் சர்ஃபரும் அவனுடைய தோழி டானும், முறுக்கி ஒட்டிய பட்டைபோல முடிவில்லாமல் சுற்றும் காலத்துக்குள் மாட்டிக்கொள்கிறார்கள். பக்கத்தின் மேல்பாதி ஒரு திசையில் ஓடுகிறது, கீழ்ப்பாதி தலைகீழாக எதிர்த்திசையில் ஓடுகிறது. ஒரு பாதியை முடித்ததும் படிப்பவர் இதழைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்து, வந்த வழியே பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டிக்கொண்டு வர வேண்டும்; வந்து சேர்ந்த இடத்தில் முதல் பக்கம் மறுபடி காத்திருக்கும்.